காட்டுப்பன்றி, மாடு, வௌவால், கொக்கு: பன்றிக் கொட்டகைக்கு நோய் எந்த வழியில் வருகிறது?

கேள்வி: கூடலூர் பக்கம் காட்டோரத்தில் 40 வெண்பன்றிகள் வளர்க்கிறேன். ராத்திரியில் காட்டுப்பன்றிகள் வேலி வரை வருகின்றன. நாலு மாடுகளைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே கட்டியிருக்கிறேன். கூரைக்கு மேல் பலாமரம், அதில் வௌவால். எதிரே வயலில் கொக்குக் கூட்டம். தீவனம் பெரும்பாலும் ஓட்டல் மீதிதான். இதில் எதைப் பார்த்து முதலில் பயப்பட வேண்டும்?

பதில்: நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன ஓட்டல் மீதியைப் பார்த்துத்தான். அதற்கு வருகிறேன், முதலில் காட்டுப்பன்றி.

அந்தப் பயம் நியாயமானதே. 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது; 2023 தொடக்கத்தில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் அடுத்தடுத்துச் செத்ததற்கும் அதுதான் காரணம் என்று உறுதியானது. ஆப்பிரிக்காவில் இந்த வைரஸ் வார்ட்ஹாக் என்ற காட்டு விலங்கின் உடம்பில் சத்தமில்லாமல் குடியிருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. நம் காட்டுப்பன்றி அப்படியில்லை. உங்கள் வெண்பன்றியும் அதுவும் ஒரே இனம் என்பதால் இரண்டும் ஒரே மாதிரிதான் காய்ச்சல் கண்டு சாகும். ஆக, உயிரோடு வேலியை முட்டுகிற பன்றியை விட எங்கோ செத்துக் கிடக்கிற பன்றியால்தான் ஆபத்து அதிக நாள் நீடிக்கும். காய்ச்சல் வேகத்தில் தண்ணீர் தேடிப்போய் ஓடைக்கரையிலேயே விழுந்துவிடும். உங்கள் ஆள் அந்தப் பக்கம் புல் அறுக்கப் போய், அதே செருப்போடு கொட்டகைக்குள் நுழைந்தால் வேலி எதற்கு?

வேலி வேண்டாம் என்று சொல்லவில்லை. சினைப்பருவத்துக்கு வந்த பெட்டைப் பன்றியின் வாசனைக்குக் காட்டுக் கிடா எவ்வளவு தூரமானாலும் வரும். இரண்டு வரிசை வேலி போட்டு, நடுவில் மூக்கோடு மூக்கு தொடாதபடி ஆறடி விடுங்கள், உள்வேலியின் அடியில் தோண்டி நுழையாதபடி கல் பதியுங்கள். கொட்டகைக்கென்று தனி பூட்ஸ் வைத்து, சாணியையும் சேற்றையும் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் முக்க வேண்டும். அழுக்கோடு முக்கினால் மருந்து அழுக்கோடேயே தீர்ந்துபோகும்.

சரி, ஓட்டல் மீதி. வெந்த சோறும் சாம்பாரும் பிரச்னையில்லை. அதே ட்ரம்மில் பன்றிக்கறி கழுவிய தண்ணீர், வெட்டி எறிந்த கொழுப்பு, தோல் எல்லாம் விழுகிறதே, அதுதான் பிரச்னை. இந்த வைரஸ் குளிருக்கு அசையாது, ஃப்ரீசரில் வைத்த கறியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மீதியை 90 டிகிரிக்குக் குறையாமல் ஒரு மணி நேரம், கிளறிக்கொண்டே கொதிக்கவிட வேண்டும். பலரும் இதைச் செய்கிறார்கள், செய்துவிட்டுப் பச்சை மீதியை அள்ளிய அதே வாளியால் வெந்ததையும் அள்ளிப் போடுகிறார்கள். இரண்டு வாளி, இரண்டு நிறம். அப்புறம் இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: உங்கள் ஆட்கள் யாராவது திருட்டுத்தனமாகக் காட்டுப்பன்றிக் கறி வாங்கிச் சமைத்தால், சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், உங்கள் 40 பன்றிக்கும் அங்கேயே முடிவு எழுதியாகிவிட்டது.

மாடுகளுக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமே இல்லை. மாட்டால் வருவது கோமாரி. நோயிலிருந்து தேறிய மாட்டின் தொண்டையில் அந்த வைரஸ் மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கிலும் தங்கும். பன்றியில் அவ்வளவு நாள் தங்காது, ஆனால் நோய் கண்ட பன்றி மூச்சில் விடுகிற வைரஸ் மாடு விடுவதைப் போலப் பல மடங்கு. அதனால் மாட்டுக்கு மட்டும் தடுப்பூசி போட்டுவிட்டுப் பன்றியை விட்டுவிடாதீர்கள். மாட்டிலும் ஆட்டிலும் இருக்கும் வேறொரு வைரஸ், பழைய பன்றிக் காய்ச்சல் (ஆப்பிரிக்கக் காய்ச்சல் அல்ல, அது வேறு நோய்) வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். அது பன்றிக்குத் தொற்றினால் பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் ரத்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும். மருத்துவரிடம் மாடு இருப்பதையும் சொல்லுங்கள்.

பலாமரத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். 1998-99இல் மலேசியாவில் நிபா வந்தது இப்படித்தான்: பன்றிக் கொட்டகையை ஒட்டிப் பழமரங்கள், வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து வேலைக்காரர்களுக்குப் போனது. 105 பேர் செத்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். மரத்தை வெட்ட வேண்டாம், வௌவாலை விரட்டவும் வேண்டாம். கூரைக்கு மேல் நீளும் கிளைகளைக் கழித்து, விழுந்த பழம் உள்ளே உருளாமல் வலை கட்டுங்கள், கடிபட்ட பழத்தைப் பன்றிக்குப் போடாதீர்கள்.

கொக்கு நேரடியாக ஒன்றும் செய்யாது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அதன் ரத்தத்தில் இருக்கும், வயல் கொசு அதைப் பன்றிக்குக் கொண்டுவரும், பன்றியின் உடம்பில் அது பெருகி, கொசு வழியாகவே மனிதருக்குப் போகும். குட்டிகள் செத்துப் பிறந்தாலோ, காய்ந்து சுருங்கி வந்தாலோ இதையும் சந்தேகியுங்கள். கொசுவலையும் தேங்காத சாக்கடையும் உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கும் சேர்த்துத்தான்.

நீங்கள் கேட்காத ஒன்று, எலி. நன்றாக இருந்த குட்டி பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்தால், எலி கொண்டுவரும் இதய வைரஸாகவும் இருக்கலாம். தீவன மூட்டையைத் தரையில் போடாதீர்கள்.

திடீரென்று இரண்டு மூன்று பன்றிகள் காது சிவந்து, தீவனம் எடுக்காமல் செத்தால் வயிற்றைக் கிழித்துப் பார்க்காதீர்கள், ரத்தம் முழுக்க வைரஸ். பழைய பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு, ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு நம் ஊரில் கிடைப்பதில்லை. இரண்டையும் கண்ணால் பிரித்தறியவும் முடியாது, மாதிரி ஆய்வகத்துக்குப் போயாக வேண்டும். கால்நடை மருத்துவருக்கு உடனே சொல்லிவிட்டு, அவர் வரும்வரை மீதிப் பன்றிகளை விற்காமல் இருங்கள், வியாபாரி எவ்வளவு அவசரப்படுத்தினாலும்.