‘ஹேட் பீன்’ எப்போது வர வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

‘ஹேட் பீன்’ என்பதோடு ‘ஐஎன்ஜி’ வினை சேர்ந்து வரும் பாஸ்ட் பெர்ஃபெக்ட் கன்டினியூயஸ் டென்ஸ் குறித்துக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்லப்படுகிறது.

கேள்வி: ‘வடசேரி பேருந்து நிலையத்தில் இரண்டு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தேன்’ என்பதை ‘ஐ வாஸ் வெயிட்டிங் அட் வடசேரி ஃபார் டூ அவர்ஸ்’ என்று எழுதினேன். பயிற்சி வகுப்பில் அதை ‘ஹேட் பீன் வெயிட்டிங்’ என்று திருத்திக் கொடுத்தார்கள். நான் எழுதியது எப்படித் தவறாகும்?
– கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: நீங்கள் எழுதிய வாக்கியம் தனியாக நிற்கும்வரை அதில் தவறு இல்லை. நேற்று இரண்டு மணி நேரம் எப்படிக் கழிந்தது என்பதை மட்டும் அது சொல்கிறது. திருத்தியவர்கள், அந்தக் காத்திருப்பின் முடிவில் பேருந்து வந்த நேரத்தை மனத்தில் வைத்துத் திருத்தியிருப்பார்கள். அந்த நேரத்தை வாக்கியத்துக்குள் கொண்டுவந்து பாருங்கள்: ‘வென் தி குலசேகரம் பஸ் கேம், ஐ ஹேட் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்.’ பேருந்து வந்ததே முடிந்துபோன செய்தி. காத்திருப்போ அதற்கும் இரண்டு மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, அது வந்து நின்றது வரை நீடித்தது. இவ்வாறு இறந்த காலத்தில் ஒரு புள்ளியில் நின்றுகொண்டு, அதற்கு முன்பிருந்தே நடந்துவந்த ஒன்றைத் திரும்பிப் பார்க்கும்போதுதான் ‘ஹேட் பீன்’ தேவைப்படுகிறது. கையேடுகளில் ‘ஹேட் பீன்’ போட்டு வினைச்சொல்லுடன் ‘ஐஎன்ஜி’ சேர்க்க வேண்டும் என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்களே தவிர, அந்தப் புள்ளி எது என்று கேட்கச் சொல்லித் தருவதில்லை. மாணவர்கள் இதைக் காரணமின்றிப் போடுவதற்கும், பயந்து அடியோடு ஒதுக்குவதற்கும் அதுவே காரணம் என்பது என் கருத்து.

தமிழில் நமக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. ‘பேருந்து வந்தபோது காத்துக்கொண்டிருந்தேன்’ என்றாலும், ‘பேருந்து வந்தபோது இரண்டு மணி நேரமாகக் காத்துக்கொண்டிருந்தேன்’ என்றாலும் வினைமுற்று ஒன்றுதான். வேறுபாட்டை ‘மணி நேரமாக’ என்பது சுமந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் வினையே மாறியாக வேண்டும். முதலாவதற்கு ‘வாஸ் வெயிட்டிங்’, இரண்டாவதற்கு ‘ஹேட் பீன் வெயிட்டிங்’. ஆகவே மனத்துக்குள் தமிழில் அமைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுபவர்கள், ‘மூன்று நாளாக’, ‘காலையிலிருந்து’, ‘வெகுநேரமாக’ போன்ற சொற்கள் வருகின்றனவா, அவற்றோடு இறந்த காலத்தில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியும் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். இரண்டும் இருந்தால் ‘ஹேட் பீன்’ வரும். அதே பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுகிறீர்கள் என்றால், பேருந்து இன்னும் வரவில்லை, நிற்கும் புள்ளி நிகழ்காலம். அப்போது ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங் ஃபார் டூ அவர்ஸ்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: குறிப்பிட்ட அந்த நேரத்துக்குச் சற்று முன்பே செயல் நின்றுவிட்டால் இந்த டென்ஸைப் பயன்படுத்தலாமா?
– ஆசிரியர், குலசேகரம்

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். செயல் விட்டுச்சென்ற தடயம் கண்ணுக்குத் தெரியும் இடங்களில் இதைவிடப் பொருத்தமான அமைப்பு கிடையாது. உங்கள் ஊரிலேயே சான்று உண்டு. விடியற்காலையில் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் தோட்டத்துக்குள் நுழைகிறார். வானம் தெளிந்திருக்கிறது, ஆனால் பட்டை நனைந்து நீர் வழிகிறது, சிரட்டையில் மழைத்தண்ணீர் நிற்கிறது. அன்றைக்கு வெட்டு இல்லை என்று அவர் திரும்பிவிடுவார். இதை எழுதும்போது, ‘தி ட்ரீஸ் வேர் வெட். இட் ஹேட் பீன் ரெயினிங்’ என்று எழுத வேண்டும். ‘இட் வாஸ் ரெயினிங்’ என்று எழுதினால், அவர் தோட்டத்தில் நின்றபோது மழை பெய்துகொண்டிருந்ததாக ஆகிவிடும். எத்தனை மணி நேரம் பெய்தது என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இங்கே இல்லை.

கேள்வி: மாவட்ட வரலாறு பற்றிய கட்டுரையில் இந்த டென்ஸ் எங்கெல்லாம் வரும்? ‘ஃபார்’, ‘சின்ஸ்’ இரண்டில் எதை எங்கே போடுவது?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், புதுக்கடை

பதில்: நெடுநாள் நடந்த போராட்டமும் அதை முடித்துவைத்த நாளும் சேர்ந்து வரும் இடங்களில் வரும். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதற்கான கோரிக்கை 1940களிலேயே தொடங்கிவிட்டது. ‘வென் கன்னியாகுமரி ஜாயின்ட் மெட்ராஸ் ஸ்டேட் இன் 1956, இட்ஸ் டமில் பீப்பிள் ஹேட் பீன் டிமான்டிங் தி மெர்ஜர் சின்ஸ் தி 1940ஸ்’ என்று எழுதலாம். தொடங்கிய காலத்தைச் சொன்னால் ‘சின்ஸ்’. எவ்வளவு காலம் என்று சொன்னால் ‘ஃபார்’. அப்போது ‘ஃபார் மெனி இயர்ஸ்’ என்று முடியும். இதே போராட்டத்தில் உங்கள் ஊரிலும் மார்த்தாண்டத்திலும் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. அது ஒரு நாள் நடந்து முடிந்த நிகழ்ச்சி. ‘தி போலீஸ் ஃபயர்ட்’ என்ற சாதாரண இறந்த காலமே அதற்குப் போதும். வரலாற்றுக் கட்டுரை என்பதற்காக எல்லா வினைகளிலும் ‘ஹேட்’ சேர்ப்பது தேவையற்றது. நிகழ்ச்சிகளை நடந்த வரிசையிலேயே சொல்லிப்போகும்போது அது வாசிப்பவரைக் களைப்படையவே செய்யும்.

மேலாடை அணியும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்துக்கும் இதே முறைதான். திருவிதாங்கூர் அரசு 1859இல் அறிவிப்பு வெளியிட்டபோது, பெண்கள் பல பத்தாண்டுகளாகப் போராடி வந்திருந்தார்கள்: ‘தி விமன் ஹேட் பீன் ஃபைட்டிங் ஃபார் டெகேட்ஸ்.’ அண்மைக் காலத்தை எழுதுவதானால் ஒக்கி புயலைச் சொல்லலாம். 2017 நவம்பர் இறுதியில் அது தாக்கியபோது, ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் தூத்தூர் வட்டார மீனவர்களில் பலர் நாள் கணக்கில் கடலில் இருந்தார்கள். ‘மெனி ஃபிஷர்மென் ஹேட் பீன் ஃபிஷிங் ஃபார் டேஸ் வென் ஒக்கி ஸ்ட்ரக்’ என்னும்போது, புயல் வருவதற்கு முன்பே அவர்கள் கரையை விட்டுப் போய்விட்டார்கள் என்ற முக்கியமான செய்தி வினையிலேயே அடங்கிவிடுகிறது. ‘வேர் ஃபிஷிங்’ என்று எழுதினால் அந்தச் செய்தி விடுபட்டுப் போகும்.

கேள்வி: ‘ஐ ஹேட் பீன் நோயிங் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’ – சரியா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சரியில்லை. ‘ஐ ஹேட் நோன் ஹிம்’ என்றே எழுத வேண்டும். அறிதல், நம்புதல், உடைமையாக வைத்திருத்தல் போன்றவை செயல்களல்ல, நிலைகள். ‘நோ’, ‘பிலீவ்’, ‘ஓன்’, ‘பிலாங்’ ஆகிய வினைகள் பொதுவாக ‘ஐஎன்ஜி’ ஏற்பதில்லை.

கேள்வி: ‘ஹேட் டன்’, ‘ஹேட் பீன் டூயிங்’ இரண்டுக்கும் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, அல்லது விருப்பம்போல் எழுதலாமா?
– இல்லத்தரசி, தோவாளை

பதில்: ‘லிவ்’, ‘வொர்க்’ போன்ற சில வினைகளில் பெரிய வேறுபாடு தெரியாது. மற்றவற்றில் தெளிவாகவே தெரியும். பூ வாங்க வியாபாரி வந்தபோது ஒரு பெண் காலையிலிருந்து பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தார் என்றால், ‘ஷி ஹேட் பீன் ஸ்ட்ரிங்கிங் ஃப்ளவர்ஸ் சின்ஸ் மார்னிங்’. அந்த நேரத்துக்குள் இருபது மாலை முடித்திருந்தார் என்றால், ‘ஷி ஹேட் மேட் ட்வென்டி கார்லண்ட்ஸ்’. வேலை நீண்டதைச் சொல்ல முன்னது, முடிந்த கணக்கைச் சொல்ல பின்னது. எண்ணிக்கை வந்துவிட்டால் ‘ஹேட் பீன் மேக்கிங்’ பொருந்தாது.

கேள்வி: இந்த டென்ஸுக்குப் பாசிவ் வாய்ஸ் (செயப்பாட்டுவினை) உண்டா? போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன்.
– இளைஞர், நாகர்கோவில்

பதில்: ‘ஹேட் பீன் பீயிங் பில்ட்’ என்று இலக்கணப்படி அமைக்கலாம், ஆனால் பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை, பள்ளி இலக்கண நூல்களும் அதற்குப் பாசிவ் இல்லை என்றே சொல்லும். கருத்தைச் சொல்ல வேறு வழி இருக்கிறது. கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயர வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. கட்டுமானம் 1990இல் தொடங்கியது. ‘வென் தி ஸ்டாச்யூ வாஸ் அன்வெய்ல்ட், இட் ஹேட் பீன் அண்டர் கன்ஸ்ட்ரக்ஷன் சின்ஸ் 1990’ என்றோ, சிற்பிகளை எழுவாயாக்கி ‘ஸ்கல்ப்டர்ஸ் ஹேட் பீன் வொர்க்கிங் ஆன் இட்’ என்றோ எழுதலாம். தேர்வில் ஏமாற்றும் இடம் வேறு: ‘ஹேட் பீன் பில்ட்’ என்பதில் ‘ஹேட் பீன்’ இருந்தாலும் ‘ஐஎன்ஜி’ இல்லை; அது பாஸ்ட் பெர்ஃபெக்ட் டென்ஸின் பாசிவ் வடிவம்.

கேள்வி: ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் எப்போது ‘ஹேட் பீன்’ ஆகும்?
– வாசகர், குளச்சல்

பதில்: ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்று ஒருவர் சொன்னதை ‘ஹி செட் தட் ஹி ஹேட் பீன் வெயிட்டிங்’ என்று மாற்ற வேண்டும். ‘ஐ வாஸ் வெயிட்டிங்’ என்பதும் தேர்வுத் தாளில் அப்படியே மாறும். பேச்சு வழக்கில் ‘வாஸ்’ மாறாமல் நிற்பதும் உண்டு, அதைத் தவறென்று சொல்வதற்கில்லை. ‘ஐ ஆம் வெயிட்டிங்’ மட்டும் ‘வாஸ் வெயிட்டிங்’ ஆகும்.