குதிரை ட்ரெயிலர் வாங்க முன், ட்ரக்கின் கதவைத் திறந்து பாருங்கள்

அன்புள்ள தம்பி,

மகள் சவாரி பழகும் பண்ணைக் குதிரை ஒன்றைப் பாதிப் பொறுப்பில் எடுத்திருப்பதாகவும், அதையும் அவளுடைய தோழியின் குதிரையையும் போட்டிகளுக்கு ஏற்றிச் செல்ல ஒரு ட்ரெயிலர் பார்த்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் அரை டன் (இது ரகத்தின் பெயர் மட்டுமே, சுமக்கும் எடை அல்ல) பிக்கப் ட்ரக் 9,000 இறாத்தல் (பவுண்ட்) இழுக்கும் என்று விற்பனைத் தாளில் இருக்கிறது, ட்ரெயிலர் வெறுமையாக 3,200 இறாத்தல்தான், ஆகவே தாராளமாகப் போதும்தானே என்பது உங்கள் கேள்வி. வீட்டார் எல்லோரும் ஏறிக்கொண்டு இரண்டு குதிரைகளையும் இழுப்பதென்றால் போதாது என்பதே என் பதில்.

விற்பனைத் தாளில் உள்ள அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது உங்கள் குடும்பத்தை ஏற்றிக் கணக்கிட்ட எண் அல்ல. வட அமெரிக்காவில் பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றும் எஸ்ஏஈ ஜே2807 என்ற அளவுகோலின்படி, ட்ரக்கினுள் தலா 150 இறாத்தல் எடையுள்ள இரண்டு பேர் மட்டுமே இருப்பதாக வைத்துத்தான் இழுப்புத் திறனைக் கணிக்கிறார்கள். உங்களைக் கட்டுப்படுத்தும் எண் வேறோர் இடத்தில் இருக்கிறது. சாரதிக் கதவைத் திறந்து கதவுத் தூணைப் பாருங்கள். ரயர் காற்றழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கரில், ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு, அதாவது இத்தனை இறாத்தலுக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரி இருக்கும். இதைத்தான் பேலோட் என்கிறோம். ஒரே பெயரும் ஒரே ஆண்டும் கொண்ட இரண்டு ட்ரக்குகளில்கூட இந்த எண் வேறுபடும் என்பதால், அடுத்தவருடைய ட்ரக்கின் கணக்கு உங்களுக்கு உதவாது.

ட்ரெயிலருக்கும் பேலோடுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். ட்ரெயிலரின் முழு எடையையும் அதன் சொந்தச் சில்லுகள் தாங்குவதில்லை. ட்ரக்கின் பின்பக்கக் கொக்கியில் மாட்டும் ரக ட்ரெயிலரில், மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்மூக்கு வழியாக ட்ரக்கின் மேல் அழுத்த வேண்டும். டங் வெயிட் என்று சொல்லப்படும் இந்த எடை குறைந்தால் ட்ரெயிலர் வால்போல ஆடத் தொடங்கும். கூடினால் ட்ரக்கின் பின்பகுதி அமிழும். அந்த அழுத்தம் முழுவதும் உங்கள் பேலோடிலிருந்துதான் கழிகிறது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வெறும் ட்ரெயிலர் 3,200, ஒரு குதிரை 1,100, கொஞ்சம் பெரிய மற்றது 1,250, சேணம், வைக்கோல், தண்ணீர் எல்லாம் 250 என்று வைத்தால் 5,800 இறாத்தல் வருகிறது. 9,000க்கு முன்னால் இது சிறிதாகத் தோன்றும். ஆனால் நீங்கள் பார்த்து வைத்ததுபோல் முன்பக்கத்தில் உடை மாற்றும் அறை உள்ள ட்ரெயிலரில் சாமான்கள் அங்கேயே சேர்வதால், டங் வெயிட் 15 சதவீதத்தை, அதாவது 870 இறாத்தலைத் தொடுவது சாதாரணம். நீங்கள் நால்வரும் சேர்ந்து 490, ட்ரக்கின் பின்பெட்டி மூடியும் கருவிகளும் 150, கொக்கித் தொகுதி 80. கூட்டினால் 1,590. உங்கள் ஸ்டிக்கரில் 1,480 என்று இருந்தால், இழுப்புத் திறனில் 3,000 இறாத்தலுக்கு மேல் மிச்சம் இருந்தும், புறப்படும் முன்னரே வரம்பைத் தாண்டிவிட்டீர்கள்.

இந்தப் பாடம் எனக்குப் பயத்தோடு வந்தது. பல வருடங்களுக்கு முன், ஒரு பழைய அரை டன் ட்ரக்கில் இரண்டு குதிரைகளை ஏற்றிக்கொண்டு, மாலை மங்கிய நேரத்தில் இங்கே ஒன்ராறியோவின் நெடுஞ்சாலை 10இல் கலிடன் மலைச்சரிவால் இறங்கினேன். எதிரே வந்தவர்கள் ஒவ்வொருவராக எனக்கு விளக்கடித்துக்கொண்டே போனார்கள். பின்பகுதி அமிழ்ந்து என் விளக்குகள் அவர்களின் கண்ணுக்கு நேரே உயர்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. சரிவின் நடுவில் பின்னால் ஒரு குதிரை காலை மாற்றி வைத்தது. பலகையில் குளம்பு விழுந்த சத்தத்தோடு ஸ்டியரிங் என் கையில் எடையே இல்லாததுபோல் லேசாகிப்போனது. ஓரங்கட்டிக் கதவைத் திறந்தபோது, இரண்டும் கால்களை அகட்டி, கழுத்து வியர்த்து நின்றன. அன்று இயந்திரத்துக்கு இழுக்கச் சக்தி இருந்தது. முன் சில்லுகளுக்குத்தான் நிலத்தில் பிடிப்பு இருக்கவில்லை. கட்டி வைத்த சாமான் அசையாது. குதிரை ஒவ்வொரு வளைவிலும் தன்னைத் தானே சமன் செய்துகொண்டு வரும் உயிர். அதனால்தான் வரம்பின் விளிம்பு வரை போகாமல் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் விடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கொக்கியின் மேலும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எடையைப் பகிர்ந்தளிக்கும் கம்பிகள் பூட்டாவிட்டால் 5,000 இறாத்தலும் டங் வெயிட் 500உம்தான் வரம்பு என்று பல அரை டன் ட்ரக்குகளில் எழுதியிருப்பார்கள். அந்தக் கம்பிகள் முன் சில்லுகளுக்கு எடையைத் திருப்பிக் கொடுக்கும். பேலோடைக் கூட்டித் தரமாட்டா.

சாரதி உரிமப் பக்கம் சிக்கல் இல்லை. ஒன்ராறியோவில் ஜி எனப்படும் சாதாரண கார் உரிமத்துடன் 4,600 கிலோ வரையான ட்ரெயிலரை இழுக்கலாம். 1,360 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ள ட்ரெயிலருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதால், ட்ரக்கில் பிரேக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குதிரையை மட்டும் ஏற்றும் நாளில் அதைச் சாரதிப் பக்கம் நிறுத்துங்கள். இங்குள்ள வீதிகள் வலது ஓரத்துக்குச் சரிந்திருக்கும்.

என் யோசனை இது: இந்த ட்ரக்கையே வைத்திருக்க விரும்பினால், உடை அறை இல்லாத, 2,500 இறாத்தல் அளவிலான அலுமினிய ட்ரெயிலரைத் தேடுங்கள், போட்டி நாளில் தங்கச்சியும் சின்னவரும் காரில் வரட்டும். பார்த்து வைத்த ட்ரெயிலர்தான் வேண்டுமென்றால் அடுத்த ரகமான முக்கால் டன் ட்ரக் தேவை. எப்படியானாலும் முதல் பயணத்துக்கு முன், லொறிகள் தரிக்கும் இடத்திலுள்ள எடைமேடையில், குடும்பத்தோடு ட்ரக்கை மட்டும் ஒருமுறையும், ஏற்றிய ட்ரெயிலரைக் கம்பிகள் பூட்டாமல் மாட்டி மறுமுறையும் நிறுத்துங்கள். ட்ரக்கின் அச்சுகளில் கூடும் எடைதான் உங்கள் உண்மையான டங் வெயிட்.

கதவுத் தூண் ஸ்டிக்கர், கொக்கி ஸ்டிக்கர், ட்ரெயிலரின் எடை விவரத் தகடு மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். முற்பணம் கொடுக்கும் முன் நானும் ஒருமுறை கூட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.