அம்மாவால முழங்கையை நீட்ட முடியலையா?

கேள்வி: ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல வேலை பாக்கற எங்கம்மாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி கஞ்சி வடிக்கறப்ப வலது கையில கொட்டிருச்சு. புண்ணு ஆறவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. இப்ப தழும்பு தடிச்சு கறுத்துப் போச்சு, ராத்திரியெல்லாம் அரிப்பு, கையும் முழுசா நீட்ட முடியல. முட்டை, மீன் நிறுத்திட்டோம், மெடிக்கல்ல கேட்டு ஒரு க்ரீம் தடவறோம். மேனேஜர் வீட்டம்மாவுக்கும் எண்ணெய் கொட்டுச்சு, அவங்களுக்கு தடமே இல்ல. கறுப்பா இருக்கறவங்களுக்கு சரியா ஆறாதுன்னு நெட்டுல இருக்கே, இது கேன்சர் ஆயிடுமா? (சேலத்துல இருந்து ஒரு மகன்)

பதில்: தம்பி, கேன்சர் பயத்தை விடுங்க. பல வருஷம் ஆறாமலே கிடக்கற பழைய புண்ணுலதான் அந்தப் பேச்சு வரும். கறுப்பு மெல்ல மங்கும், மாசக்கணக்காகும். அரிப்பு ஆறற தழும்புக்கு சகஜம், தோல் நல்லா மூடியிருந்தா தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ச்சு விடுங்க.

எனக்கு பக்குன்னு ஆனது "கை நீட்ட முடியல"ன்னு போற போக்குல எழுதியிருக்கீங்களே, அதுதான். அம்மாவை ரெண்டு கையையும் முன்னாடி நீட்டி உள்ளங்கையை மேல பாக்க வெக்கச் சொல்லுங்க. இடது கை அளவுக்கு வலது நேரா வரலைன்னா, முழங்கை மடிப்புல கயிறு கட்டின மாதிரி தோல் இழுத்துச்சுன்னா, தழும்பு சுருங்க ஆரம்பிச்சாச்சு. ஒண்ணு கேக்கறேன், துண்டுல தொட்டில் கட்டி கையை மடக்கியே வெச்சிருந்தாங்களா? பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மடக்கி வெச்சா வலிக்காது, ஆனா வலிக்காத அந்த நிலையிலதான் கை இறுகிப் போகும். இப்பவே போனா ராத்திரிக்கு ஸ்ப்ளின்ட் (கையை நேரா பிடிச்சு வெக்கற பட்டை), தினம் பயிற்சி, அளவெடுத்துத் தைச்ச இறுக்கமான கைச்சட்டை, அதுவும் ஒரு நாளைக்கு 23 மணி நேரம் போடணும். விட்டுட்டு ஆறு மாசம் கழிச்சுப் போனா பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

நிறத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல கறுப்பின மக்களுக்கு தழும்பு தடிக்கறது அதிகம்னு ஆய்வுல வந்தது உண்மை, கறுத்த தோலுக்கு அந்த சுபாவம் கொஞ்சம் கூடுதல்தான், ஆனா அங்கயும் யார்கிட்ட இன்ஷூரன்ஸ் இருக்கு, யாரு தொடர்ந்து ஃபிசியோவுக்கு வர முடியுதுங்கறது எல்லாம் அதே நிறத்தோட பின்னிக் கிடக்கு, நெட்டுல அதை விட்டுட்டு பாதியைப் போட்டு பயமுறுத்தறாங்க. மேனேஜர் வீட்டம்மா என்ன வெள்ளைக்காரங்களா? எந்தத் தோலா இருந்தாலும் மூணு வாரத்துக்குள்ள ஆறின புண்ணு அவ்வளவா தடிக்காது, அதைத் தாண்டினாத்தான் வம்பு. அவங்களுக்கு பட்ட காயமே லேசா இருந்திருக்கலாம், இல்ல அன்னைக்கே கார்ல மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாங்க. உங்கம்மா 20 கொண்டை ஊசி வளைவு பஸ்ல இறங்கி ஏறணும், அன்னைக்குக் கூலி போச்சு, ஃபிசியோ வாரம் ரெண்டு நாள்னா ரெண்டு நாள் கூலி. எங்க டாக்டருங்களும் சீட்டுல "எக்சர்சைஸ்"னு ஒரு வார்த்தை கிறுக்கிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவாங்க, செஞ்சு காட்டறதில்ல, அப்புறம் மலைக்காரங்க சொன்னா கேக்க மாட்டாங்கன்னு பேச்சு வேற.

நிறம் நிஜமா கெடுக்கற இடம் ஒண்ணு இருக்கு. தழும்பு இன்னும் வளருதான்னு சிவப்பை வெச்சுப் பாக்கறது வெள்ளைத் தோலைப் பாத்துப் பழகின வழக்கம், நம்ம தோல்ல அந்தச் சிவப்பு ஊதாவா கறுப்பாத்தான் தெரியும், டாக்டர் கண்ணுக்கே தப்பிரும். அதனால தொட்டுப் பாருங்க. விறைப்பா, சூடா, வாராவாரம் மேடு ஏறுதுன்னா அது வளருது.

அந்தப் பத்தியத்தை இன்னைக்கே நிறுத்துங்க தம்பி, முட்டை மீன் சாப்பிட்டா சீழ் பிடிக்கும்னு யாரு சொன்னது? தோல் கட்டறதுக்கு புரதம் வேணும், முட்டை, பருப்பு, கருவாடு எது கிடைக்குதோ குடுங்க. மெடிக்கல்காரர் குடுத்த க்ரீமையும் நிறுத்துங்க, அதுல ஸ்டீராய்டு இருக்கலாம். தடிச்ச தழும்புக்கு ஸ்டீராய்டு ஊசி உண்டுதான், ஆனா அதை டாக்டர் தழும்புக்குள்ளயே போடணும், கவுண்டர்ல கேட்டு வாங்கித் தடவற சமாச்சாரம் இல்ல.

இந்த வாரமே சேலம் ஜிஎச்ல பிளாஸ்டிக் சர்ஜரி ஓபிக்கு கூட்டிட்டுப் போங்க. பயிற்சியை செஞ்சு காட்டச் சொல்லி செல்லுல வீடியோ எடுத்துக்கோங்க, ஒவ்வொரு தடவையும் மலை இறங்க முடியாதுன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க, வீட்ல செய்யற மாதிரி மாத்திக் குடுப்பாங்க. முதல்ல பார்த்த சீட்டு, முதலமைச்சர் காப்பீட்டு கார்டு, அந்த க்ரீம் ட்யூப் மூணையும் மறக்காம கொண்டு போங்க, ட்யூப்ல என்ன இருக்குன்னு அவங்க பாக்கணும்.