உதவி கேம்ப் பாஸ் வேலை: தயங்கும் ஒரு தாய்க்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா,

ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டம் பெற்ற தங்கள் மகனுக்கு, அபுதாபி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ருவைஸ் தொழிற்பகுதியில் உதவி கேம்ப் பாஸ் (தொழிலாளர் முகாமை நடத்தும் பொறுப்பாளரின் உதவியாளர்) வேலை வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நட்சத்திர ஹோட்டலில் நிற்பான் என்று நம்பிப் படிக்கவைத்த பிள்ளை லேபர் கேம்ப்பில் கட்டில் எண்ணப் போகிறானே என்ற தங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. கட்டில் எண்ணுவது அந்த வேலையில் உண்மையாகவே உண்டு. அதைச் சரியாக எண்ணத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால்தான் அதற்கென்று ஆள் தேடுகிறார்கள். எனவே வேலையின் பெயரைக் கொண்டு முடிவெடுக்காமல், அதற்குள் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஊரே இல்லாத இடத்தில் ஒரு எரிவாயு ஆலையோ சுத்திகரிப்பு ஆலையோ எழும்போது, ஆலைக்கு முன்னால் கட்டப்பட வேண்டியது ஆட்கள் தங்கும் முகாம். வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்களில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மாதவாரியாகக் கணக்கிட்டு, அந்த உச்ச எண்ணுக்குத்தான் முகாமைத் திட்டமிடுவார்கள். சராசரிக்குத் திட்டமிட்டால், நெருக்கடியான மாதத்தில் அறைக்குள் கூடுதல் கட்டில் நுழையும், அதிலிருந்து நோயும் சண்டையும் தொடங்கும். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகமும் ஐரோப்பிய மறுகட்டமைப்பு வளர்ச்சி வங்கியும் சேர்ந்து 2009-இல் தொழிலாளர் தங்குமிடங்களுக்கான வழிகாட்டுக் குறிப்பு ஒன்றை வெளியிட்டன. தட்பவெப்பத்தைப் பொறுத்து ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 முதல் 180 லிட்டர் தண்ணீர் என்றும், அதிகம் போனால் 15 பேருக்கு ஒரு கழிப்பறை என்றும் அது சொல்கிறது. இதை 2,000 பேர் தங்கும் முகாமுக்குப் பொருத்திப் பாருங்கள். தலைக்கு 150 லிட்டர் என்றாலே நாளுக்கு 3 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். குழாய் இணைப்பு இல்லாத இடத்தில் அது 20,000 லிட்டர் டேங்கர் 15 நடை. உள்ளே வந்த தண்ணீரில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பதால், 2.4 லட்சம் லிட்டரைச் சுத்திகரிக்கவோ ஏற்றி அனுப்பவோ ஏற்பாடு இருக்க வேண்டும். சமையலறைக் கழிவுநீரிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கைப் பிரித்து நிறுத்தும் தொட்டியான கிரீஸ் டிராப்பை ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால், அந்தச் சுத்திகரிப்பு நிலையம் முழுவதும் தடுமாறும். தங்கள் மகன் கல்லூரியில் படித்த சமையலறை நிர்வாகம் இப்படித்தான் பொறியியலோடு வந்து சேர்கிறது.

சாப்பாட்டுக் கூடத்தில் 500 இருக்கைகள் இருந்தால், 2,000 பேர் நான்கு பந்தியாக உண்ண வேண்டும். பந்திக்கு அரைமணி என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். பேருந்துகள் அனைத்தும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். கல்யாணச் சமையலில் ஒருநாள் நெருக்கடியைச் சமாளித்துவிடலாம். இங்கே வாரத்தில் ஏழு நாளும் மூன்று வேளையும் அதே நெருக்கடி. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கத் தடை உண்டு. அந்த மாதங்களில் வேலை விடியற்காலையிலேயே தொடங்குமானால், சமையலறை நள்ளிரவு தாண்டியதும் விழித்தாக வேண்டும். ரமலான் மாதத்தில் நேர அட்டவணை முழுவதும் தலைகீழாக மாறும். சூடான உணவு 60 டிகிரிக்கு மேலும் குளிர்ந்த உணவு 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்ற விதி, வெயில் 45 டிகிரியைத் தொடும் இடத்தில் எளிய விதியன்று.

அறை ஒதுக்கீடுதான் என் பார்வையில் இந்த வேலையின் மிகக் கடினமான பகுதி. இரவு ஷிப்ட் பார்ப்பவரையும் பகல் ஷிப்ட் பார்ப்பவரையும் ஒரே அறையில் போட்டால், இருவருமே தூங்க மாட்டார்கள். தூக்கம் கெட்டவர் மறுநாள் சாரத்தின் மீது ஏறுவார். தமிழரும் பீகாரிகளும் நேபாளிகளும் வங்கதேசத்தவரும் பாகிஸ்தானியரும் சேர்ந்திருக்கும் முகாமில், "நம்ம ஊர்ப் பையன்தானே, கீழ்த்தளத்தில் நல்ல அறையாகக் கொடு" என்று கேட்டு வருபவர்களும் இருப்பார்கள். ஒருமுறை இசைந்து கொடுத்தால், அதன்பின் கேம்ப் பாஸை மற்ற எவரும் நம்பமாட்டார்கள். ஊரில் தகப்பனார் இறந்துவிட்டார் என்று நடுஇரவில் அழுதுகொண்டு வருபவருக்கு, விடுப்புக்கும் விமானச் சீட்டுக்கும் வழிசெய்து கொடுக்க வேண்டியவரும் கேம்ப் பாஸ்தான். இருபத்திரண்டு வயதில் இந்தப் பாரம் பெரிது என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

பாதுகாப்பு குறித்தும் சொல்ல வேண்டும். 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் பற்றிய தீயில் 40-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் உயிரிழந்தனர். அவர்களில் நம் மாநிலத்தவரும் இருந்தார்கள். அது நகரத்துக் கட்டடம் என்றாலும் பாடம் முகாம்களுக்கும் உரியது. அறைக்குள் மின்சார அடுப்பு வைத்துச் சமைப்பது, ஒரே பிளக்கில் பல இணைப்புகள் கொடுப்பது, வெளியேறும் கதவுக்கு முன் பெட்டிகளை அடுக்குவது ஆகியவற்றை அன்றாடம் நடந்து பார்த்துத் தடுப்பவரே கேம்ப் பாஸ். இந்தச் சுற்றைக் காகிதத்தில் மட்டும் போடும் நிறுவனமும் உண்டு. அங்கே தங்கள் மகன் போடும் கையொப்பம் பின்னாளில் அவனுக்கே வினையாகலாம்.

எதிர்காலம் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். உதவியாளர், கேம்ப் பாஸ், முகாம் மேலாளர், பிறகு பெரிய நிறுவனங்களின் வசதி மேலாண்மைப் பிரிவு என்று ஏணி தெளிவாகவே இருக்கிறது. சொடெக்ஸோ, காம்பஸ், நியூரெஸ்ட் போன்ற நிறுவனங்கள் தொலைதூரத் தளங்களுக்கான சேவையைப் பல நாடுகளில் தனித் தொழிலாகவே நடத்துகின்றன. ஆனால் சமையலறைச் சரக்கையும் சாப்பாட்டு எண்ணிக்கையையும் மட்டும் பார்த்துக்கொண்டு சில ஆண்டுகளைக் கழித்தவர் ஸ்டோர் கீப்பராகவே நின்றுவிடுவார். தண்ணீர், கழிவுநீர், ஜெனரேட்டர், ஒப்பந்தக் கணக்கு ஆகியவற்றையும் கற்றவரே மேலே போகிறார். முகாம் ஒப்பந்தங்களில் பல, ஓர் ஆளுக்கு ஒரு நாளுக்கு இவ்வளவு என்ற முறையில் பில் போடப்படுவதால், கட்டில் எண்ணிக்கையும் சாப்பிட்டவர் எண்ணிக்கையும் பொருந்தாத இடத்தில் பணம் கசியும். அதைக் கண்டுபிடித்துக் காட்டும் இளைஞரை நிர்வாகம் மறக்காது.

படிப்பைப் பொறுத்தவரை, போவதற்கு முன் உணவில் ஆபத்து எந்தக் கட்டத்தில் நுழையும் என்று கண்டு தடுக்கும் முறையான ஹாசாப் (HACCP) சான்றிதழையும், இயன்றால் வளைகுடாவில் பரவலாக மதிக்கப்படும், பணியிடப் பாதுகாப்புக்கான நெபோஷ் (NEBOSH) பொதுச் சான்றிதழையும் முடித்துவிடச் சொல்லுங்கள். தரமணியில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிலையம் நடத்தும் தொழிற்பாதுகாப்புப் பட்டயத்தை யாரேனும் பரிந்துரைக்கலாம். அது பொறியியல் படித்தவர்களையும் இயற்பியல், வேதியியல் பட்டதாரிகளையும் நோக்கியது, தங்கள் மகனுக்கு உரியதன்று.

இனி ஒப்பந்தம். பட்டதாரி என்பதால் தங்கள் மகனின் பாஸ்போர்ட்டுக்கு, வெளிநாட்டு வேலைக்குப் போக இந்திய அரசு தரும் குடிபெயர்வு அனுமதி தேவைப்படாது. அது வசதிபோலத் தோன்றினாலும், அந்த அனுமதியோடு வரும் அரசுச் சரிபார்ப்பும் கட்டாயக் காப்பீடும் தானாகக் கிடைக்கமாட்டா என்பதே அதன் பொருள். சரிபார்க்க வேண்டியவர்கள் நீங்கள்தான். ஆளெடுக்கும் முகவர் இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் அத்துடன் பேச்சை முடித்துவிடுங்கள். அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. சோதனைக்காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. மொத்தச் சம்பளத்தைவிட அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்பதைக் கவனியுங்கள்; பணி முடிவில் கிடைக்கும் தொகை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமாகவே கணக்கிடப்படுகிறது.

நேர்காணலில் தங்கள் மகனே சில கேள்விகளைக் கேட்கலாம். முகாமில் இப்போது எத்தனை பேர், உச்சத்தில் எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை சதுர மீட்டர் என்பது முதற்கேள்வி. அமீரகத்தின் 2009-ஆம் ஆண்டு விதி ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் என்கிறது. கத்தார் 2014-இல் 6 சதுர மீட்டர் என்று வகுத்தது. இந்த எண்களைத் தயங்காமல் சொல்லும் நிறுவனம் தன் முகாமை அறிந்திருக்கிறது. தண்ணீரும் கழிவுநீரும் யார் பொறுப்பு, அந்தப் பிரிவில் தனக்குப் பயிற்சி தருவார்களா என்பது அடுத்தது. பதில்கள் மின்னஞ்சலில் வந்தபின், பணி வாய்ப்புக் கடிதத்தோடு சேர்த்து எனக்கு அனுப்பிவையுங்கள். கையொப்பமிடும் முன் ஒவ்வொரு விதியாகச் சேர்ந்து படித்துப் பார்ப்போம்.