பணிமூப்பு இருந்தும் கல்லூரி முதல்வர் பதவி கிடைக்கவில்லை: வழக்குப் போடலாமா?

கேள்வி: தென்மாவட்டம் ஒன்றில், மறைமாவட்டம் நடத்தும் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரியில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். 27 ஆண்டு பணி. இருப்பவர்களில் நான்தான் மூத்தவர். ஆனால் என்னைவிட 11 ஆண்டு பின்னால் சேர்ந்த அருட்தந்தை ஒருவரை முதல்வராக்கிவிட்டார்கள். முனைவர் பட்டத்துக்காக மூன்று ஆண்டு விடுப்பில் போயிருந்தவர் அவர். நேர்காணலுக்கு என்னையும் அழைத்தார்கள், போனேன். முடிவு முன்பே எடுத்தாகிவிட்டது என்பது அங்கேயே தெரிந்தது. செயலர் என்னை அவமானப்படுத்தியதையெல்லாம் நாலு பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஓய்வுக்கு மூன்று ஆண்டு இருக்கிறது. உயர்நீதிமன்றம் போனால் நியமனம் ரத்தாகுமா?

பதில்: நாலு பக்கத்தில் வழக்குக்கு உதவுவது ஒரே ஒரு வரி. அவர் முனைவர் பட்டத்துக்காக மூன்று ஆண்டு விடுப்பில் போனார் என்ற வரி. மற்றதை ஒதுக்கி வையுங்கள்.

முதலில் பணிமூப்பு. உங்கள் வழக்கு இதில் நிற்காது. மலங்கரா சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில், அரசு உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரி தனக்கு வேண்டிய முதல்வரைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று உச்சநீதிமன்றம் 2006 நவம்பரில் சொல்லிவிட்டது. முதல்வர் பதவிக்குப் பணிமூப்பைப் பார்க்கச் சொன்ன கேரளப் பல்கலைக்கழகச் சட்டப் பிரிவே சிறுபான்மைக் கல்லூரிக்குப் பொருந்தாது என்று அங்கே முடிவானது. தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு நிர்ணயித்த தகுதி இருக்கும்வரை, ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று நீதிமன்றம் கேட்காது. அரசு சம்பளம் தருகிறதே என்பதும் பதில் ஆகாது. உதவித்தொகை வாங்குவதால், சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை நிறுவி நடத்த அரசியலமைப்பின் 30(1) தரும் உரிமை போய்விடுவதில்லை. 'சிறுபான்மைச் சான்றிதழ் இல்லை' என்ற வாதத்தையும் விடுங்கள். அரசு தரும் அந்தச் சான்று, ஏற்கெனவே இருக்கும் நிலையை ஒப்புக்கொள்வது மட்டுமே என்று 1998-லேயே அம்மது வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

ஆயர் தலைவர், அருட்தந்தை செயலர், ஆட்சிக்குழுவில் பாதிப்பேர் குருக்கள் என்பதெல்லாம் அந்தக் கல்லூரியின் அமைப்பு. கல்லூரியை நடத்தும் சங்கத்தின் விதிகளை மீறினார்கள் என்றால் அதைக் கேட்க வேண்டியவர் அந்தச் சங்கத்தின் உறுப்பினர்; நீங்கள் உறுப்பினர் இல்லை, ஊழியர். சங்கப் பதிவாளரிடம் விசாரணை கேட்கவும் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு பேராவது வேண்டும்.

எஞ்சியிருப்பது தகுதி. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஒழுங்குமுறைப்படி முதல்வராக வருபவர் முனைவர் பட்டம் பெற்றவராக, பேராசிரியராகவோ இணைப் பேராசிரியராகவோ, மொத்தம் 15 ஆண்டு கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். 10 ஆய்வுக் கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண் என்பவையும் உண்டு. விடுப்பு எடுத்து முனைவர் பட்டம் படித்த காலம் நியமனத்துக்கான அனுபவத்தில் சேராது. விடுப்பே எடுக்காமல், பாடம் நடத்திக்கொண்டே படித்திருந்தால் சேரும். உங்கள் கணக்குப்படி அவருக்கு 16 ஆண்டு. அதில் மூன்றைக் கழித்தால் 13. இதுதான் வழக்கு.

ஆனால் அந்த மூன்று ஆண்டு எந்த வகை விடுப்பு என்று பணிப்பதிவேட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. பணிக்காலமாகக் கருதப்பட்ட விடுப்பு என்று நிர்வாகம் வாதாடும். அவர் இணைப் பேராசிரியரான தேதியையும் பாருங்கள்; இன்னும் உதவிப் பேராசிரியராகவே இருந்தால் நிர்வாகத்தின் வாதம் அங்கேயே முடிந்துவிடும். பெருமளவு அரசு நிதியில் நடக்கும் கல்லூரி தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்பதை டி.ஏ.வி. கல்லூரி வழக்கு 2019-ல் தெளிவாக்கிவிட்டது. இருந்தாலும் செயலரிடம் கேட்டு மோதிக்கொண்டிருக்காதீர்கள். அதே கோப்பு பல்கலைக்கழகத்திலும் கல்லூரிக் கல்வித் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்திலும் இருக்கும். அங்கே கேளுங்கள், கல்லூரி வெளியிட்ட விளம்பர அறிவிக்கையின் நகலையும் சேர்த்து. அறிவிக்கை முக்கியம். யுஜிசி விதி மாநிலம் ஏற்றுக்கொண்ட அளவுக்குத்தான் கட்டுப்படுத்தும் என்று கல்யாணி மதிவாணன் வழக்கை (2015) எதிர்த்தரப்பு எடுத்துப்போடும். அறிவிக்கையிலேயே 15 ஆண்டு என்று அவர்களே போட்டிருந்தால் அந்த வாதம் பலமிழக்கும்.

தேர்வுக் குழு சரியாக அமையவில்லை என்பதை மனுவில் முதல் காரணமாக வைக்காதீர்கள். வெளியாட்களைக் குழுவில் சேர்க்கச் சொல்லும் யுஜிசி விதி சிறுபான்மைக் கல்லூரியைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர்நீதிமன்றம் அண்மையில் சொல்லியிருக்கிறது. போதாததற்கு, நேர்காணலில் உட்கார்ந்து வந்துவிட்டு நடைமுறை தவறு என்று நீங்கள் இப்போது சொல்ல முடியாது. சட்டப்படியான அடிப்படைத் தகுதியே இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

இனி, வழக்குப் போட வருபவர்கள் தொடர்ந்து போய் விழும் குழி எது என்று சொல்கிறேன். வழக்கில் தோற்பது அல்ல அது. வழக்குக்கு முன்னும் பின்னும் எழுதும் கடிதங்கள். ஆயருக்கு ஒன்று, ரோமுக்கு ஒன்று, முதலமைச்சர் தனிப்பிரிவுக்கு ஒன்று, ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீண்ட குரல்பதிவு. செயலர் பணம் வாங்கினார் என்று ஒரு வரி, சாதி பார்த்தார்கள் என்று ஒரு வரி. நிரூபிக்க ஆவணம் இருக்காது. அடுத்த மாதம் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும், அதன்பின் தற்காலிகப் பணிநீக்கம். 1976-ஆம் ஆண்டு தனியார் கல்லூரிகள் (ஒழுங்குமுறை) சட்டப்படி அது இரண்டு மாதம், நீட்டித்தால் மேலும் இரண்டு மாதம், அதற்கு மேல் கிடையாது. பணியிலிருந்து நீக்க முன் அனுமதியும் வேண்டும். சட்டம் உங்களைக் காக்கும்தான். ஆனால் ஓய்வு பெறும் நாளில் ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஓய்வூதியக் கருத்துரு செயலர் கையெழுத்தோடுதான் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். பணிக்கொடை நிற்கும். நீதிமன்றத்தில் இறுதியில் நீங்கள் ஜெயித்தாலும், மூன்று ஆண்டுக்காகத் தொடங்கிய சண்டை அதைவிட நீளமாக இழுத்துவிட்டிருக்கும்.

இன்னொன்றையும் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். நியமனம் ரத்தானாலும் அந்த நாற்காலி உங்களுக்கு வராது. தகுதியுள்ள வேறொரு குருவையோ, வேறு யாரையோ அவர்கள் கொண்டுவரலாம். அதுவரை 'பொறுப்பு முதல்வர்' என்று ஒருவரை உட்கார வைப்பார்கள். இவரையே நியமியுங்கள் என்று எந்த நீதிபதியும் சிறுபான்மை நிர்வாகத்துக்கு உத்தரவிட மாட்டார்.

என் யோசனை, ஆவணத்தை வாங்குங்கள், வழக்கைப் போடாதீர்கள். 13 ஆண்டுதான் என்று காகிதத்தில் உறுதியானால், அது பேச்சுவார்த்தையில் உங்களுக்குப் பெரிய பலம். ஆட்சிக்குழுத் தலைவரைச் சந்தியுங்கள். ஆசிரியர் சங்கத் தலைவர்களை அழைத்துப் போக வேண்டாம், நம்பகமான மூத்தவர் ஒருவர் போதும். கேட்க வேண்டியவை: நிலுவையில் உள்ள உங்கள் பணி மேம்பாட்டுக் (பதவி உயர்வு) கருத்துரு உடனே அனுப்பப்பட வேண்டும்; பணிப்பதிவேடு இன்றுவரை பதியப்பட்டு, அதன் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்; தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் பொறுப்பு, இல்லையென்றால் துணை முதல்வர் பொறுப்பு. வாய்வார்த்தை வேண்டாம். ஆட்சிக்குழுத் தீர்மானமாக, கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லி, சான்றளிக்கப்பட்ட நகல் வாங்குங்கள்.

பேச்சு முறிந்து வழக்கு என்றே முடிவெடுத்தால், நியமன நாளிலிருந்து சில மாதங்களுக்குள் போடுங்கள். தாமதத்தையே காரணம் காட்டி மனுவைத் தள்ளிவிடுவார்கள். புதிய முதல்வரையும் பெயர் சொல்லி எதிர்மனுதாரராகச் சேருங்கள். அவரை விட்டுவிட்டால் மனு நிற்காது. பிரமாணப் பத்திரத்தில் செயலரின் பேச்சு, ஆயரின் மௌனம், உங்கள் 27 ஆண்டு உழைப்பு எதுவும் வேண்டாம். அவர் பணியில் சேர்ந்த தேதி, விடுப்பில் போன தேதி, திரும்பிய தேதி, இணைப் பேராசிரியரான தேதி. இந்த நான்கையும் ஆவணத்தோடு போடுங்கள்.