அட்மின் அழித்தால் அது தணிக்கையா?

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், லிஃப்ட் பராமரிப்புச் செலவு ஏன் இவ்வளவு என்று கேட்டேன். அட்மின் அதை அழித்துவிட்டார். கருத்துரிமையைப் பறிக்கும் தணிக்கைதானே இது?
– குரோம்பேட்டை வாசகர்

பதில்: கோபம் நியாயம்தான் சார், ஆனால் தணிக்கை இல்லை. அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமையை வைத்து பொதுவாக நீங்கள் கேள்வி கேட்பது அரசை, அட்மினை அல்ல. (வருகிற கடிதம் எல்லாவற்றையும் நாங்களும்தான் போடுவதில்லை!) நெருக்கடி நிலையில் பத்திரிகைகளுக்கு நடந்ததுதான் தணிக்கை. அச்சுக்குப் போகும் முன்பே செய்தியை அதிகாரி பார்த்து அனுமதிக்க வேண்டும் என்றார்கள், அதைக் கண்டித்து 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டது. மீறினால் சிறை, அச்சகத்துக்குப் பூட்டு என்கிற பயம் பின்னால் இருந்தது. உங்கள் அட்மினால் அதிகபட்சம் குழுவிலிருந்து நீக்க முடியும், அவ்வளவுதான்.

சரி, அழிப்பவர் அரசாகவே இருந்தால்? அகமதாபாத்தின் மனுபாய் ஷா, எல்.ஐ.சி. பாலிசிதாரர்களை ஏமாற்றுகிறது என்று ஓர் ஆய்வு எழுதினார். எல்.ஐ.சி. அதிகாரி ஒருவர் அதை மறுத்து எழுதியதைத் தன் சொந்தப் பத்திரிகையான 'யோகக்ஷேமா'வில் போட்ட நிறுவனம், ஷாவின் பதிலைப் போட முடியாது என்றது. எங்கள் பத்திரிகை, எங்கள் இஷ்டம் என்கிற வாதம்தான். உச்ச நீதிமன்றம் 1992-ல் அதை ஏற்கவில்லை: எல்.ஐ.சி. அரசு நிறுவனம், மக்கள் பணத்தில் நடக்கிற பத்திரிகை, ஒரு பக்கத்தை மட்டும் போட்டுவிட்டு மறுபக்கத்தை மூடக் கூடாது, ஷாவின் பதிலை வெளியிடு என்றது. ஆகவே அழிக்கப்பட்டது மாநகராட்சியின் அதிகாரபூர்வப் பக்கத்தில் என்றால் இந்தத் தீர்ப்பைக் காட்டி நீங்கள் சண்டை போட இடமிருக்கிறது.

எனக்கு அதைவிடக் கவலை தருவது வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி ஒரு பதிவை முடக்கச் சொல்லி சமூக ஊடக நிறுவனங்களுக்கு மத்திய அரசு உத்தரவு போடலாம்; 2009-ல் வந்த விதிகளோ அந்த உத்தரவை ரகசியமாக வைக்கச் சொல்கின்றன. அதனால் பதிவு காணாமல் போனால், கம்பெனி தன் விதிப்படி எடுத்ததா, டெல்லி எடுக்கச் சொன்னதா என்பதே எழுதியவருக்குத் தெரியாமல் போகலாம். தணிக்கை என்ற சொல்லை அட்மின்கள் மேல் வீணாக்காமல், அங்கே பயன்படுத்துங்கள்.

அப்புறம் அந்த லிஃப்ட் கணக்கு. அதை விட்டுவிடாதீர்கள். சங்கச் செயலாளருக்குக் கடிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பொதுக்குழுவில் எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.