பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு இருக்கிறதா என்று குறைந்த செலவில் கண்டுபிடிக்க முடியுமா? எல்லாருக்கும் மாத்திரை கொடுத்துவிடுகிறார்களே, பிறகு பரிசோதனை எதற்கு?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு மலப் பரிசோதனைக்கு ஆகும் செலவில் அல்பெண்டசோல் மாத்திரை பல வாங்கிவிடலாம். மாத்திரையும் பாதுகாப்பானது. அதனால் பிள்ளை பிள்ளையாகச் சோதித்துவிட்டு மருந்து கொடுப்பதில்லை. எந்தப் பகுதிக்கு எத்தனை தடவை கொடுப்பது என்று முடிவு செய்யத்தான் பரிசோதனை. சில பள்ளிகள், பள்ளிக்கு ஐம்பது பேர் பார்த்தால் போதும். நூற்றுக்கு 20 பேருக்கு மேல் புழு இருந்தால் வருடத்துக்கு ஒருமுறை, 50-ஐத் தொட்டால் இருமுறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

நான் லேப் டெக்னீஷியன். இந்த மாதிரி கணக்கெடுப்பில் நாள் முழுக்க ஸ்லைடு பார்த்திருக்கிறேன். முறையின் பெயர் கேட்டோ-காட்ஸ். சல்லடையில் தேய்த்த மலத்தை ஓட்டை போட்ட சின்ன பிளாஸ்டிக் தகட்டில் வழித்து நிரப்பினால் 41.7 மில்லிகிராம் நிற்கும். அதன்மேல் கிளிசரினில் ஊறிய செலோபேன் துண்டை வைத்து அழுத்த வேண்டும். எண்ணிய முட்டைகளை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை என்று தெரிந்துவிடும். பழைய மைக்ரோஸ்கோப்பே போதும். கரண்ட் இல்லையென்றால் அதன் அடியில் உள்ள கண்ணாடியை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.

காலை வாருவது நேரம்தான். மலத்தைத் தெளியவைக்கிற அதே கிளிசரின், கொக்கிப்புழு முட்டையையும் கரைந்த மாதிரி ஆக்கிவிடும். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். முதல் நாள் ஸ்லைடுகளை வரிசையாகப் போட்டு வைத்துவிட்டு நாங்கள் சாப்பிடப் போய்விட்டோம். வந்து பார்த்தால் உருண்டைப்புழு முட்டை இருக்கிறது, இரு முனையிலும் மூடி போட்ட பீப்பாய் போல சாட்டைப்புழு முட்டை இருக்கிறது, கொக்கிப்புழு மட்டும் ஒன்றுகூட இல்லை. மறுநாள் அதே வகுப்பில் புதிதாக மாதிரி வாங்கி, போட்ட கையோடு பார்த்தோம். இருந்தது. ரத்தசோகைக்கு முக்கியக் காரணமான புழுவையே கோட்டைவிட இருந்தோம்.

செல்போன் மைக்ரோஸ்கோப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். தான்சானியாவின் பெம்பா தீவில், ஐபோன் கேமராவில் சின்ன உருண்டை லென்ஸை டேப்பால் ஒட்டிப் பிள்ளைகளின் ஸ்லைடுகளைப் பார்த்தார்கள். 2013-இல் வெளிவந்த முடிவுப்படி, உருண்டைப்புழு இருந்தவர்களில் 81 சதவீதம் பேரை அது பிடித்தது, கொக்கிப்புழுவில் 14 சதவீதம்தான். மறுபடியும் அதே புழு!

இருப்பதிலேயே மலிவான கருவி ஒரு கேள்வி. நன்னீர் நத்தை வழியாகப் பரவி சிறுநீர்ப்பையைத் தாக்கும் சிஸ்டோசோமா என்ற புழு உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில், “சிறுநீரில் ரத்தம் போனதா?” என்று ஆசிரியரே வகுப்பில் கேட்டு எழுதிவிடுவார். அதிகம் பேர் ஆமாம் என்ற பள்ளிக்கு மருத்துவக் குழு முதலில் போகும். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகளிடம் மட்டும் இது மாதவிடாயோடு குழம்பும்.

வீட்டுப் பிள்ளை ராத்திரியில் ஆசனவாயைச் சொறிகிறதே என்றுதான் கேட்டீர்கள் என்றால், அது கீரிப்பூச்சியாக இருக்கலாம். அதை மலத்தில் தேடுவது வீண். காலையில் கழுவுவதற்கு முன் அந்த இடத்தில் செலோடேப்பை ஒற்றி, ஸ்லைடில் ஒட்டி லேபுக்குக் கொண்டுபோங்கள். ஒருநாள் தெரியாவிட்டால் இன்னும் இரண்டு காலை எடுத்துப் பாருங்கள்.